"எஸ்" படுத்தும் பாடு

"கவிதை நிறைய வந்துடுச்சு மாப்ளே. காதல், கண்ணீர், கல்லூரி நினைவுகள்னு மூணு ஃபைல் நிறைஞ்சு போச்சு. நீயாவது உருப்படியா ஏதாவது எழுதிக் குடு" என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக் கொண்டான். உருப்படியாக எழுத எனக்கு என்ன தெரியும்? யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடமாக என்னை ஆட்டிப் படைக்கிற விஷயம் ஒன்று உண்டு. அது ஒரு மனிதர் அல்ல, ஒரு பாடமும் அல்ல. ஒரே ஒரு எழுத்து. ஆங்கிலத்தில் பத்தொன்பதாவது எழுத்து... எஸ்!

சிரிக்காதீர்கள் நண்பர்களே. படித்து முடித்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

முதலாம் ஆண்டு. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். பத்தாவது வரை நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம். ராத்திரி எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன். "அவர் டவுன் ஹேஸ் மெனி பிக் மெஷினரீஸ்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், முன் பெஞ்சில் ஒரு சிரிப்பு. அது பின் பெஞ்சு வரைக்கும் பரவிவிட்டது. எனக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. நிறைய மெஷின் இருக்கிறது, அதனால் மெஷினரீஸ். இதில் என்ன தப்பு? பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் வகுப்பில் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. எங்கே எஸ் போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்கிற பயம்தான் காரணம்.

இந்தப் பயம் எனக்கு மட்டுமா? நம் விடுதியில் பாதிப் பேருக்கு உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கு ஒரே சுரங்கம். பிறகு சுரங்கம் ஒன்று, ஒன்று-ஏ, இரண்டு என்று மூன்றாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "எங்கண்ணே வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். "செகண்ட் மைன்ஸ்ல தம்பி" என்பார். செகண்ட் என்றால் இரண்டாவது, அதாவது ஒன்றே ஒன்று. மைன்ஸ் என்றால் பல. ஒன்றா, பலவா? நமக்கு அந்தக் கவலையே கிடையாது. நமக்கு மைன்ஸ் என்பது ஒரு தமிழ்ச் சொல்.

"எந்தக் குவார்ட்டர்ஸ்ல இருக்கீங்க?" என்று டவுன்ஷிப்பில் கேட்கிறோம். இது ஆங்கிலத்திலும் சரி. குடியிருப்பு என்ற பொருளில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் எஸ் உண்டு. ஒரே வீடானாலும் குவார்ட்டர்ஸ்தான். அந்த எஸ்ஸை மட்டும் எடுத்துவிட்டு "எங்கப்பாவுக்கு குவார்ட்டர் கிடைச்சிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். வீடு பாட்டில் ஆகிவிடும்! ஒரு எழுத்தின் மகிமையைப் பார்த்தீர்களா?

பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிறார்: "ஒரு லேடீஸ் இறங்குறாங்க, வழி விடுங்க." நாம் சொல்கிறோம்: "என் ஃபிரண்ட்ஸுங்க எல்லாம் வந்துட்டாங்க." ஆங்கிலப் பன்மைக்கு மேலே தமிழ்ப் பன்மை. இரட்டைப் பூட்டு! இதைப் பார்த்து ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரியுமா? அவர்கள் தினமும் சொல்லும் "சில்ட்ரன்" என்ற சொல்லே இப்படிப்பட்ட இரட்டைப் பூட்டுதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே "ரு" என்ற பன்மை விகுதி இருந்தது. காலப்போக்கில் அது பன்மை என்பதே மறந்து போய், மேலே இன்னொரு பன்மை விகுதியாக "என்" சேர்த்துவிட்டார்கள். "பீ" என்கிற பட்டாணியின் கதை இதற்கு நேர் எதிர். முதலில் அந்தச் சொல்லே "பீஸ்" என்றுதான் இருந்தது. கடைசியில் இருந்த எஸ் ஒலியைப் பன்மை என்று தப்பாக நினைத்து, அதை வெட்டி "பீ" என்று ஒரு புதிய ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். ஆக, வெள்ளைக்காரன் தாத்தாவும் எஸ்ஸில் சறுக்கி விழுந்தவர்தான். அவர் விழுந்தால் அது இலக்கணம் ஆகிறது, நாம் விழுந்தால் சிரிப்பு ஆகிறது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஏன் இந்த எஸ்ஸில் தடுமாறுகிறோம்? மூளை மட்டமா? இல்லவே இல்லை. நம் தாய்மொழிக்கு வேறு ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கோடு நாம் ஆங்கிலத்துக்குள் போகிறோம்.

ஒன்பதாவது, பத்தாவதில் தமிழ் ஐயா நடத்திய ஐம்பால் ஞாபகம் இருக்கிறதா? ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். உயர்திணையில் ஒருவரா பலரா என்பதைப் பெயரே காட்டிவிடும்: மாணவன், மாணவி, மாணவர். அஃறிணையில் அப்படிக் கட்டாயம் இல்லை. "மாடு வந்தது" என்றால் ஒன்று, "மாடு வந்தன" என்றால் பல. மாடு என்ற பெயர் மாறவே இல்லை. வினைதான் எண்ணைச் சொல்கிறது. இப்படிப்பட்ட பெயருக்குப் பால் பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் பெயரே வைத்திருக்கிறது. "கள்" விகுதி உண்டு, ஆனால் அது போட்டாலும் போடாவிட்டாலும் குற்றமில்லை என்கிற நிலை தொல்காப்பியக் காலத்திலிருந்தே இருக்கிறது. பேச்சுத் தமிழில் இன்னும் சுருக்கம். எங்கள் பாட்டி "நாலு மாடு நிக்குது பாரு" என்பார். வினையிலும் பன்மை இல்லை. நாலு என்ற எண் சொன்ன பிறகு இன்னொரு தடவை எதற்கு என்பது பாட்டியின் கட்சி. பண்ருட்டி மண்டியில் போய் நின்று பாருங்கள். "நூறு பலாப்பழம் இறங்கியிருக்கு" என்பார்களே தவிர, "நூறு பலாப்பழங்கள் இறங்கியிருக்கின்றன" என்று எவராவது சொன்னால் வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஆங்கிலம் அப்படி விடாது. நாலு என்று சொன்ன பிறகும் எஸ் போடு என்று பிடிவாதம் பிடிக்கும். அதனால்தான் நாம் "ஃபோர் கௌ", "டென் கிலோமீட்டர்" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறோம். இது முதல் வகைத் தப்பு.

இரண்டாவது வகை இதற்குத் தலைகீழ். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று எண்ணலாம். அந்தப் பழக்கத்தில் "இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்", "எக்யூப்மென்ட்ஸ்" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இவை எல்லாம் தண்ணீர், மணல், எண்ணெய் மாதிரி. மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும். மணல்கள் என்று சொல்வோமா? லிக்னைட்ஸ் என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே கணக்குதான். மெஷின் என்பது எண்ணக்கூடியது, அதனால் மெஷின்ஸ் சரி. மெஷினரி என்பது குவியல். "தட்டுமுட்டுச் சாமான்" என்கிறோமே, அந்த மாதிரி ஒரு சொல். ஃபர்னிச்சரும் அப்படித்தான். இதை அன்றைக்கு யாராவது இரண்டே வரியில் எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் ஊமையாக இருந்திருக்க மாட்டேன்.

"ஒர்க்" என்பதும் அப்படியே. "ஐ ஹேவ் டூ ஒர்க்ஸ்" என்று சொன்னால் எனக்கு இரண்டு வேலை இருக்கிறது என்று ஆகாது. எனக்கு இரண்டு தொழிற்சாலை இருக்கிறது என்று ஆகிவிடும்! கடைத்தெருவில் "இன்ஜினியரிங் ஒர்க்ஸ்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த ஒர்க்ஸ்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நாம் தப்பே செய்யாமல் தினமும் சொல்லும் சொற்கள் எத்தனை! ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின், த்ரீ ஃபேஸ் மோட்டார், டூ மார்க் கொஸ்டின், டென் ருப்பீ நோட். இங்கெல்லாம் எண் இருந்தும் எஸ் கிடையாது. காரணம், இங்கே எண்ணும் பெயரும் சேர்ந்து அடுத்த சொல்லுக்கு அடைமொழி ஆகிவிட்டன. டென் ருப்பீஸ் என்றால் பத்து ரூபாய். டென் ருப்பீ நோட் என்றால் பத்து ரூபாய் நோட்டு. "ஃபோர் ஸ்ட்ரோக்ஸ் என்ஜின்" என்று நம்மில் எவனும் சொன்னதில்லை. விதி தெரியாமலே சரியாகச் சொல்கிறோம்.

ஒர்க்‌ஷாப்பிலும் பாடம் இருக்கிறது. கட்டிங் பிளேயர் என்று கேட்டு வாங்குகிறோம். ஆங்கிலத்தில் அது பிளையர்ஸ். இரண்டு கால் சேர்ந்த கருவி என்பதால் கத்தரிக்கோல், டங்ஸ் எல்லாவற்றுக்கும் எஸ் நிரந்தரம். ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் "எ பேர் ஆஃப்" போட வேண்டும். வெர்னியர் காலிபர் என்றும் காலிபர்ஸ் என்றும் இரண்டும் புழங்குகின்றன. இரண்டில் எதை எழுதினாலும் யாரும் கோபிக்க முடியாது. தாயக்கட்டைக்கு "டை" என்றால் பன்மை "டைஸ்". பிரஸ் டூலில் வரும் டைக்கும் பன்மை "டைஸ்" என்றுதான் நம் காதில் விழும். ஆனால் எழுத்தும் வேறு, ஒலியின் முடிவும் வேறு. சேஸிஸுக்கு ஒன்றானாலும் பத்தானாலும் ஒரே எழுத்து. அலகுகளில் மின்கடத்துத்திறனுக்கு உள்ள "சீமென்ஸ்" என்பதில் எஸ் பன்மையே அல்ல, அது ஒரு மனிதரின் பெயரில் உள்ள எழுத்து. ஒரு சீமென்ஸ், பத்து சீமென்ஸ். கிலோகிராமுக்குச் சுருக்கம் எழுதும்போது ஐந்து கிலோவானாலும் ஐம்பது கிலோவானாலும் "கேஜி"தான், "கேஜிஎஸ்" கிடையாது. பன்னாட்டு அலகு முறையில் குறியீட்டுக்குப் பன்மையே இல்லை. கடைக்காரர் எழுதலாம், டிப்ளமோ படித்தவன் எழுதலாமா?

சரி, இதெல்லாம் வெறும் மார்க் விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நடந்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றியது.

வெளியூரில் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். இன்-பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். ஒரு தண்ணீர் பம்ப்பை மறுநாள் பிரித்து வேலை பார்க்க வேண்டும். பம்ப்பை நிறுத்தி சக்‌ஷன் வால்வை மூடியாகிவிட்டது. டிஸ்சார்ஜ் வால்வு இறுகிப் போய்த் திரும்பவில்லை. அதற்குள் ஷிப்ட் முடிந்தது. "தம்பி, லாக் புக்ல எழுதிட்டு வந்துடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கூட இருந்தவர் கிளம்பிவிட்டார்.

பேனாவை எடுத்தேன். ஒரு வால்வு மூடியிருக்கிறது, ஒன்று இன்னும் மூடவில்லை என்று எழுத வேண்டும். வால்வா, வால்வ்ஸா? வாஸா, வேரா? பக்கத்தில் வேறு கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முன் பெஞ்சு சிரிப்பு காதில் கேட்டது. நீளமாக எழுதினால்தானே தப்பு வரும்? சுருக்கமாக எழுதிவிட்டேன்: "பம்ப் ஸ்டாப்டு. வால்வ் க்ளோஸ்டு."

இலக்கணப்படி அது பொய் இல்லை. ஒரு வால்வு மூடியிருந்தது, ஒருமையில் எழுதினேன். ஆனால் அடுத்த ஷிப்டில் அதைப் படித்த ஃபிட்டர் அண்ணன் தமிழர். "வால்வு மூடியாச்சு" என்று அவர் மனசுக்குள் படித்தார். தமிழில் வால்வு என்றால் ஒன்றும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். பால் பகா அஃறிணை! இரண்டையும் மூடியாச்சு என்று எடுத்துக்கொண்டு ஃபிளேஞ்ச் போல்ட்டைத் தளர்த்தினார். டிஸ்சார்ஜ் லைனில் இருந்த நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. மேல் தொட்டித் தண்ணீர் பின்னால் தள்ளி, பீறிட்டு அடித்து, மனிதர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் சுளுக்கு. மூன்று நாள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

பச்சைத் தண்ணீர் என்பதால் சுளுக்கோடு போயிற்று. அதுவே கொதிநீர் லைனாக இருந்திருந்தால்? நீராவியாக இருந்திருந்தால்? அனல் மின் நிலையத்து ஊரில் வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நேர்ல போயி ரெண்டு வால்வையும் பார்க்காம ஃபிளேஞ்சைத் தொட்டது என் தப்பு. எந்த வால்வு, எத்தினின்னு எழுதாதது உன் தப்பு. இங்கிலீஷ் வரலைன்னா தமிழ்ல எழுதித் தொலைய வேண்டியதுதானேப்பா! உன்னை யாரு இங்க பரீட்சை வைக்கிறா?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு விபரம் தெரியாமல் இல்லை. ஒரு வால்வு திறந்திருக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த விஷயத்தை எழுத விடாமல் என் கையைப் பிடித்தது அறியாமை அல்ல, வெட்கம். ஒரு எஸ்ஸுக்குப் பயந்து ஒரு மனிதரின் கையை ஒடிக்கப் பார்த்தேன்.

ஆகவே நண்பர்களே, என் கருத்தை இப்போது சொல்கிறேன்.

நம்மில் ஒரு கட்சி, "கருத்து புரிஞ்சா போதும்டா, எஸ் எல்லாம் யாரு பார்க்கிறா" என்கிறது. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றா பலவா என்பது அலங்காரம் அல்ல, அது ஒரு அளவு. டிராயிங்கில் டைமென்ஷனை விட்டுவிட்டு "பார்த்தா புரியும் சார்" என்று சொன்னால் மார்க் போடுவார்களா? நாளைக்கு நாம் படிக்கப் போகும் மேனுவல்கள் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் "வால்வ்ஸ்" என்று போட்டிருந்தால் ஒன்றை மட்டும் மூடிவிட்டு வர முடியாது. படிக்கும்போதாவது அந்த எஸ்ஸைக் கண் பார்க்க வேண்டும்.

இன்னொரு கட்சி, "தப்பா பேசினா சிரிக்கத்தான் செய்வாங்க, அப்பதான் கத்துக்குவான்" என்கிறது. இதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிரித்ததால் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடிக்கொள்வது. டவுன்ஷிப்பில் கான்வென்ட்டில் படித்து வந்தவனுக்கு எஸ் காதிலேயே பழகிப் போயிருக்கும். சுற்றுக் கிராமத்திலிருந்து முந்திரிக்காட்டைத் தாண்டி சைக்கிளில் வருகிறவன் அதை விதியாகத்தான் கற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே லேத்தில்தான் நிற்கப் போகிறோம். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. சிரித்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஆங்கில இலக்கணத்தைத் தமிழிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். "ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்" என்று நூறு பேர் எழுதுகிறோம். நூறு தடவை சிவப்பு மையில் அடிப்பதைவிட, "தமிழில் என்ன சொல்வாய்? என் நண்பர்களில் ஒருவர் என்றுதானே? அந்த 'கள்'ளைத்தான் ஆங்கிலமும் கேட்கிறது" என்று ஒரு தடவை சொன்னால் போதும். "ஈச் ஸ்டூடன்ட்" என்ற பிறகு ஒருமை வர வேண்டும் என்பதும் அப்படியே. ஒவ்வொரு மாணவனும் வந்தான் என்கிறோமே தவிர வந்தார்கள் என்றா சொல்கிறோம்? தமிழ் எங்கே ஆங்கிலத்தோடு சேர்ந்து போகிறது, எங்கே பிரிந்து போகிறது என்று காட்டிவிட்டால் மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

கடைசியாக, நான் கண்டுபிடித்த ஒரு ஆறுதல். மெஷின் டிராயிங்கில் பார்ட்ஸ் லிஸ்ட் போடுகிறோம் அல்லவா? போல்ட், நட், வாஷர் என்று பெயரை எல்லாம் ஒருமையில் எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் எட்டு, எட்டு, பதினாறு என்று எண்ணைப் போடுகிறோம். பெயர் பெயராக நிற்கிறது, எண் எண்ணாக நிற்கிறது. இது அப்படியே எங்கள் பாட்டியின் "நாலு மாடு" இலக்கணம்! தமிழ் வழியில் சொன்னாலும் துல்லியம் வரும், எண்ணைச் சொல்ல மறக்காமல் இருந்தால்.

இப்போது நான் லாக் புக்கோ, லேப் அப்சர்வேஷனோ எழுதும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது எண்ணக்கூடிய பொருளா? அப்படியானால் எத்தனை? பதில் தெரிந்ததும் முதலில் எண்ணை எழுதிவிடுகிறேன். எஸ் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சில நேரம் வராமலும் போகிறது. யாராவது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சென்ற மாதம் இறுதியாண்டு செமினாரில் மறுபடியும் எழுந்து நின்றேன். அதே ஊர், அதே தலைப்பு. "அவர் டவுன் ஹேஸ் மெனி பிக் மெஷின்ஸ்" என்று ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் பேச வந்த தம்பி ஒருவன், "எக்யூப்மென்ட்ஸ்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நானும் சிரிக்கவில்லை. இறங்கி வந்ததும் தோளில் கை போட்டு கேன்டீனுக்குக் கூட்டிப் போய், டீ வாங்கிக் கொடுத்து, மணலையும் தண்ணீரையும் பற்றிச் சொன்னேன்.

"இவ்ளோதானாண்ணே?" என்றான்.

இவ்வளவுதான் நண்பர்களே!

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை